உடம்பு இன்னும் மிதிக்கும் பிரேக்: ட்ராமாவுக்கான உடல்வழிச் சிகிச்சை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் பிசியோதெரபிஸ்ட். கழுத்து வலி, தோள் இறுக்கம், இடுப்புப் பிடிப்பு என்று வருகிறவர்களைப் பல ஆண்டுகளாகப் பார்த்துவருகிறேன். ஸ்கேனில் ஒன்றும் இல்லை, வலி மட்டும் போகவில்லை என்று சொன்னவர்களில் சிலருடைய வாழ்க்கையில் ஒரு விபத்தோ, அடி உதையோ, எதிர்பாராத ஒரு சாவோ இருந்தது. அவர்களுக்கு உதவ வேண்டும் என்றுதான் ட்ராமாவுக்கான, அதாவது கடும் அதிர்ச்சி விட்டுச்செல்லும் பாதிப்புக்கான, உடல்வழிச் சிகிச்சையைத் தனியாகக் கற்றுக்கொண்டேன். அன்றிலிருந்து அதே சந்தேகங்கள் வெவ்வேறு வாய்களிலிருந்து வந்துகொண்டிருக்கின்றன. கேட்டவர்களின் சொற்களிலேயே கேள்விகளை வைத்திருக்கிறேன். ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை நீக்கிவிட்டேன்.

ட்ராமா உடம்பில் தேங்கி நிற்கிறது என்கிறார்களே, எங்கே தேங்குகிறது? தசையிலா, எலும்பிலா?

எங்கும் தேங்குவதில்லை. அடைபட்ட நீரைத் திறந்துவிடுவது போல என்று யாராவது விளக்கினால், அதை உவமையாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். தசைநாரில் சம்பவங்கள் பதிவாவதில்லை. நினைவு மூளையில்தான் இருக்கிறது. ஆனால் அந்த நினைவு கிளறப்படும்போது உடம்பு முழுவதும் வேலை செய்கிறது. மூளைக்குள் இருக்கும் அமிக்டலா ஆபத்து என்று முடிவு கட்டியதும், நீங்கள் யோசித்து முடிப்பதற்குள் அட்ரினலின் சுரந்துவிடும். இதயம் வேகமெடுக்கும், தாடையும் தோளும் இறுகும், செரிமானம் மந்தமாகும். ஆபத்து நீங்கினால் எல்லாம் அடங்க வேண்டும். சிலருக்கு அடங்குவதில்லை. நடந்தது முடிந்துவிட்டது என்ற செய்தி உடம்புக்கு இன்னும் போய்ச் சேரவில்லை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று கேலியாகச் சொல்கிறோம். எனக்கு அது நரம்பு மண்டலத்தைக் கூர்ந்து கவனித்த ஒருவர் சொன்னதாகத் தெரிகிறது.

கார் விபத்தில் முன் இருக்கையில் இருந்த ஒரு பெண் வலது கால் வலிக்காக என்னிடம் வந்தார். எலும்பு நன்றாகக் கூடியிருந்தது. அவர் படுத்திருந்தபோது வெளியே ஒரு லாரியின் ஹாரன் ஒலித்தது. அவர் பேச்சை நிறுத்தவில்லை, முகமும் மாறவில்லை. வலது பாதம் மட்டும் கட்டிலின் கால்மாட்டுச் சட்டத்தை அழுத்தியது, கட்டைவிரல் நகம் வெளுக்கும்வரை. விபத்தின்போது வண்டியை ஓட்டியவர் அவர் அல்ல. தன் காலடியில் இல்லாத பிரேக்கை எட்டு மாதமாக அவருடைய கால் மிதித்துக்கொண்டிருந்தது. நான் சொல்லும்வரை அது அவருக்குத் தெரியாது.

எனக்கு நடந்தது அப்படி ஒன்றும் பெரிய விஷயம் இல்லை. அதைப் போய் ட்ராமா என்று சொல்லலாமா?

சம்பவத்தின் அளவை வைத்து இதைத் தீர்மானிக்க முடியாது. ஒரே பஸ் கவிழ்ந்தாலும் ஒருவர் மறுவாரமே வேலைக்குப் போகிறார், இன்னொருவரால் ஒரு வருடம் கழித்தும் பஸ் படியில் கால் வைக்க முடிவதில்லை. தப்பிக்க வழி இருந்ததா, பிறகு யாராவது பக்கத்தில் உட்கார்ந்தார்களா, சொன்னதை நம்பினார்களா என்பவை எல்லாம் கணக்கில் வரும்.

அதே நேரத்தில், கஷ்டப்பட்ட எல்லோருக்கும் நோய் வருவதில்லை. பல நாடுகளில் நடந்த உலக மனநலக் கணக்கெடுப்புகளின்படி, வாழ்நாளில் ஒருமுறையாவது கடும் அதிர்ச்சியைச் சந்திப்பவர்கள் சுமார் 70 சதவீதம். அவர்களிலும் பி.டி.எஸ்.டி. எனப்படும் அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறு வருவது 6 சதவீதத்துக்கும் குறைவானவர்களுக்கே. பெரும்பாலானோர் தாமாகவே தேறிவிடுகிறார்கள். தூக்கம், சாப்பாடு, வேலை, உறவு இவற்றில் ஏதாவது ஒரு மாதத்துக்கு மேல் குலைந்திருந்தால் உதவி கேளுங்கள். அதற்கு என்ன பெயர் என்பது பிறகு.

உடல்வழிச் சிகிச்சை என்றால் மசாஜா, யோகாவா, என்னதான் அது?

ஒரே முறை அல்ல, ஒரு குடும்பம். பீட்டர் லெவின் 1970-களில் உருவாக்கத் தொடங்கிய சோமாட்டிக் எக்ஸ்பீரியன்சிங், பாட் ஆக்டன் 1980-களில் வளர்த்த சென்சரிமோட்டார் சைக்கோதெரபி, ட்ராமா உள்ளவர்களுக்கென்றே மாற்றியமைத்த யோகா ஆகியவை அதில் அதிகம் பேசப்படுபவை. பெயர்கள் வேறு, அடிப்படை ஒன்றுதான்: நடந்த கதையைத் துருவுவதற்குப் பதிலாக, அதைப் பற்றி யோசிக்கும்போது இந்த நிமிடத்தில் உடம்பு என்ன செய்கிறது என்று இருவரும் சேர்ந்து கவனிப்பது. மசாஜ் செய்தால் தசை தளரும். தசையை இறுக்கச் சொல்லும் கட்டளை அடுத்த நாளும் வந்துகொண்டுதான் இருக்கும்.

பேசிப் பேசியே தீர்க்க முடியாதா? உடம்பு எதற்கு?

பலருக்கு முடியும். ட்ராமாவை மையமாக வைத்த பேச்சுச் சிகிச்சைகளுக்கு இருக்கும் ஆய்வு ஆதாரம் உடல்வழிச் சிகிச்சைகளுக்கு இன்னும் இல்லை. இதை மறைத்துப் பேசுபவரை நான் நம்ப மாட்டேன்.

ஆனால் பேச முயலும்போது சொல் எழாதவர்கள் இருக்கிறார்கள். 1996-இல் வெளிவந்த ஒரு மூளைப் படப் பரிசோதனையில், பி.டி.எஸ்.டி. உள்ளவர்கள் தங்களுக்கு நடந்ததன் விவரிப்பைக் கேட்டபோது, பேச்சோடு தொடர்புடைய புரோக்கா பகுதியின் செயல்பாடு குறைந்தது. எட்டுப் பேரை மட்டும் வைத்துச் செய்த சிறிய ஆய்வு அது. இருந்தாலும் வாயடைத்துப்போனேன் என்று நாம் சொல்வது வெறும் பேச்சு வழக்கு அல்ல என்று அதைப் படித்தபோது தோன்றியது. அடிவயிறு கலங்கியது, குலை நடுங்கியது, நெஞ்சு பதைத்தது என்றுதான் நம் மொழி பயத்தைச் சொல்கிறது. பழந்தமிழ் இலக்கணம் அச்சத்தையும் அழுகையையும் வெகுளியையும் மெய்ப்பாடு என்றே அழைத்தது. மெய் என்றால் உடம்பு. சொல் வராத இடத்தில் அங்கிருந்து தொடங்கலாம்.

முதல் நாள் என்ன நடக்கும்? நடந்ததை எல்லாம் சொல்லியாக வேண்டுமா?

சொல்ல வேண்டியதில்லை. தலைப்பு மட்டும் போதும்: ஒரு விபத்து, ஒரு இழப்பு, சின்ன வயதில் ஒன்று. முதல் சந்திப்பில் உங்கள் உடல்நலம், மருந்துகள், தூக்கம் பற்றிக் கேட்பார்கள். பிறகு பெரும்பாலும் ஆச்சரியமான ஒரு கேள்வி வரும்: இப்போது உங்கள் உடம்பில் எந்த இடம் ஓரளவு வசதியாக இருக்கிறது? வலியைப் பற்றிக் கேட்பார்கள் என்று தயாராக வந்தவர் திகைத்துப்போவார். முழங்கால் பரவாயில்லை, உள்ளங்கை சூடாக இருக்கிறது என்று ஏதாவது ஒன்று கிடைக்கும். அதுதான் கைப்பிடி.

அடுத்த சந்திப்புகளில் கஷ்டமான விஷயத்தின் ஓரத்தை மட்டும் தொட்டுவிட்டு அந்தக் கைப்பிடிக்குத் திரும்புவீர்கள். மறுபடியும் ஓரம், மறுபடியும் கைப்பிடி. சொட்டுச் சொட்டாக என்பதுதான் இந்தச் சிகிச்சையின் உயிர். அதிகம் பதறாமலும் மரத்துப்போகாமலும் இருக்கும் இடைப்பட்ட பகுதியை மனநல மருத்துவர் டேனியல் சீகல் 1999-இல் தாங்குதிறன் சாளரம் என்று குறிப்பிட்டார். அந்தச் சாளரத்துக்குள் நடப்பது மட்டும்தான் பலன் தருகிறது. முதல் நாளே குமுறி அழ வைத்து அனுப்புவது திறமை என்று நினைக்கும் சிகிச்சையாளர்கள் இருக்கிறார்கள். அப்படிப்பட்ட இடத்திலிருந்து இன்னும் மோசமாகி என்னிடம் வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அது நடந்தபோது நான் ஓடவில்லை, கத்தவும் இல்லை. மரம் மாதிரி நின்றேன். என் மேல்தானே தப்பு?

இல்லை. இந்தக் கேள்வியைப் பெரும்பாலும் கடைசி ஐந்து நிமிடத்தில், கதவுப் பிடியில் கை வைத்தபடி கேட்பார்கள். அதனால் இதற்கு நிதானமாகவே பதில் சொல்கிறேன்.

ஆபத்தில் உடம்புக்குச் சண்டை, ஓட்டம் என்று இரண்டு வழிகள் மட்டும் இல்லை. மூன்றாவதாக உறைந்துபோதல் இருக்கிறது. இரண்டு வழிகளும் அடைபட்டதாக மூளை கணக்கிட்டால் கை கால் விறைக்கும், குரல் எழும்பாது. சிலருக்கு வலிகூடத் தெரியாது. எலியும் கோழியும் முயலும் இப்படித்தான் அசைவற்றுப் போகின்றன. யாரும் யோசித்து எடுக்கும் முடிவு அல்ல இது. 2017-இல் வெளியான ஸ்வீடன் ஆய்வு, பாலியல் வன்முறைக்குப் பிறகு ஸ்டாக்ஹோமில் ஓர் அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கு வந்த 298 பெண்களிடம் இதைக் கேட்டது. 70 சதவீதம் பேருக்குக் குறிப்பிடத்தக்க அளவில் உடல் உறைந்துபோயிருந்தது. ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது, அப்படி உறைந்தவர்களுக்குப் பி.டி.எஸ்.டி. வரும் வாய்ப்பு அதிகமாக இருந்தது. ஏன் எதிர்க்கவில்லை என்று கேட்கிறவர்கள் மிகவும் பாதிக்கப்பட்டவரிடமே போய்க் கேட்கிறார்கள்.

சிகிச்சையில் அந்த அசைவின்மைக்கு மெதுவாக அசைவு சேர்க்கிறோம். தள்ள நினைத்துத் தள்ள முடியாத கை, சுவரை மெல்லத் தள்ளிப் பார்க்கும். மணிக்கட்டு, முழங்கை, தோள் என்று பலம் ஏறி வருவதை அவர் கவனிப்பார். முதல் கேள்வியில் சொன்ன பெண்ணோடு செய்ததும் இதைத்தான். பாதத்தால் ஒரு தலையணையை மிக மெதுவாக அழுத்தி, முழுவதும் அழுத்தி, பிறகு நீங்களாகவே விடுங்கள் என்றேன். நான்காவது முறை அழுத்திவிட்டுப் பாதத்தைத் தூக்கியபோது, ‘வண்டி நின்றுவிட்டது’ என்றார்.

சிகிச்சையின்போது உடம்பு நடுங்குகிறது. ட்ராமா வெளியேறுகிறது என்கிறார்கள். உண்மையா?

நடுக்கம், கொட்டாவி, பெருமூச்சு, வயிற்றில் சத்தம், உள்ளங்கை வியர்வை எல்லாம் வரும். இறுக்கத்திலிருந்து தளர்வுக்கு மாறும்போது இவை சகஜம், பயப்பட வேண்டாம். ஆனால் எவ்வளவு நடுங்கினால் அவ்வளவு குணம் என்ற கணக்கு கிடையாது. நடுங்காமலே தேறியவர்களும், மணிக்கணக்கில் நடுங்கியும் தேறாதவர்களும் இருக்கிறார்கள். நடுங்கும்போது அறையில் இருப்பது உங்களுக்குத் தெரிய வேண்டும், நிறுத்த நினைத்தால் நிறுத்த முடிய வேண்டும். இரண்டில் ஒன்று இல்லை என்றாலும் கண்ணைத் திறந்து சிகிச்சையாளரிடம் சொல்லிவிடுங்கள்.

வலிப்பு நோய், இதய நோய், கர்ப்பம் இருந்தால் தீவிரமாக நடுங்கவைக்கும் பயிற்சிகளுக்கு முன் உங்கள் மருத்துவரைக் கேளுங்கள்.

எனக்கு உடம்பில் ஒன்றுமே தெரியவில்லை. மரத்துப்போன மாதிரி இருக்கிறது. இந்தச் சிகிச்சை எனக்கு ஒத்துவராதா?

மரத்துப்போயிருக்கிறது என்று நீங்கள் கவனித்துவிட்டீர்களே, அதுவே தொடக்கம். எங்கே அதிகமாக மரத்திருக்கிறது, எங்கே குறைவு என்று கேட்டால் பலருக்கும் ஒரு வித்தியாசம் தட்டுப்படும். பல ஆண்டுகள் உங்களைக் காப்பாற்றிய ஏற்பாடு அது. அதை உடைக்க அவசரப்பட வேண்டாம்.

இவர்களுக்கு நான் உணர்ச்சிகளைப் பற்றிக் கேட்பதில்லை. வெதுவெதுப்பான தண்ணீர் உள்ள டம்ளரைக் கையில் கொடுத்து, எந்த விரலுக்குச் சூடு முதலில் தெரிகிறது என்று கேட்பேன். பை நிறைய அரிசியை மடியில் வைத்து எடை தெரிகிறதா என்று கேட்பேன். சூடு, எடை, உரசல் ஆகியவை முதலில் திரும்பும். பயமும் துக்கமும் பிறகு வரும், மெதுவாக வந்தால் நல்லது.

மூச்சுப் பயிற்சி செய்தால் பதற்றம் குறையும் என்கிறார்கள். எனக்கு அதிகமாகிறதே?

உங்களுக்கு மட்டும் அல்ல. வேகமாக, ஆழமாக இழுத்து விட்டால் இரத்தத்தில் கரியமில வாயு குறையும். விரல் நுனி மரமரக்கும், தலை சுற்றும். ஏற்கெனவே பயத்தில் இருப்பவருக்கு அது மறுபடியும் ஆபத்து வந்தது போலவே இருக்கும். கழுத்து நெரிக்கப்பட்டவர், நீரில் மூழ்கித் தப்பியவர், ஆஸ்துமாவில் திணறியவர் ஆகியோருக்கு மூச்சைக் கவனிப்பதே பழைய காட்சியைக் கொண்டுவந்துவிடலாம்.

அப்படியானால் மூச்சை விட்டுவிடுங்கள். பாதம் தரையில் படுவதையோ, தூரத்தில் கேட்கும் ஒரு சத்தத்தையோ கவனியுங்கள். மூச்சு ஒத்துவருகிறவர்கள் ஆழமாக இழுப்பதைவிட மெதுவாக விடுவதில் கவனம் வைக்கலாம். நிமிடத்துக்கு ஆறு மூச்சு என்ற அளவுக்குப் படிப்படியாக வந்தால், இதயத் துடிப்பை நிதானப்படுத்தும் வேகஸ் நரம்பு நன்றாக வேலை செய்வதை அளந்தே பார்த்திருக்கிறார்கள்.

இதற்கெல்லாம் ஆராய்ச்சி ஆதாரம் உண்டா, அல்லது நம்பிக்கைதானா?

உண்டு, ஆனால் அளவோடு. 2014-இல் மனநல மருத்துவர் பெஸல் வான் டெர் கோல்க் குழுவினர், மற்ற சிகிச்சைகளில் தேறாத 64 பெண்களை இரண்டு குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு வாரம் ஒரு மணி நேரம் என்று பத்து வாரம் ட்ராமாவுக்கேற்ற யோகா, இன்னொரு குழுவுக்கு உடல்நலக் கல்வி வகுப்பு. முடிவில் கணக்கில் இருந்தவர்களில், யோகா குழுவின் 31 பேரில் 16 பேருக்கும், மற்றக் குழுவின் 29 பேரில் 6 பேருக்கும் பி.டி.எஸ்.டி. என்று சொல்லும் அளவுக்கு அறிகுறிகள் இல்லை. 2017-இல் சோமாட்டிக் எக்ஸ்பீரியன்சிங்குக்கு இஸ்ரேலில் நடந்த சோதனை 63 பேரை வைத்து, 15 சந்திப்புகளில் நல்ல பலன் காட்டியது. ஆனால் ஒப்பிடப்பட்டவர்கள் வேறு சிகிச்சை பெற்றவர்கள் அல்லர், காத்திருப்புப் பட்டியலில் இருந்தவர்கள். இவை நம்பிக்கை தரும் சிறிய ஆய்வுகள்.

உலகச் சுகாதார நிறுவனம் 2013-இல் பரிந்துரைத்தவற்றில் முக்கியமானவை, நினைப்பையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும், ட்ராமாவை மையமாகக் கொண்ட அறிதல்-நடத்தைச் சிகிச்சையும், பிரான்சின் ஷாப்பிரோ 1987-இல் உருவாக்கத் தொடங்கிய, கண்களை இடம் வலமாக அசைத்துச் செய்யும் ஈ.எம்.டி.ஆர். சிகிச்சையும்தான். கடுமையான பாதிப்பு உள்ளவர்களை முதலில் அங்கேதான் அனுப்புகிறேன். உடல்வழிச் சிகிச்சையைக் கூடவே சேர்த்துக்கொள்ளலாம். இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்தத் துறையில் எல்லாவற்றையும் ஸ்டீபன் போர்ஜஸ் 1994-இல் முன்வைத்த, பாதுகாப்பு உணர்வுக்கும் உறைந்துபோதலுக்கும் வேகஸ் நரம்பின் வெவ்வேறு கிளைகளைக் காரணம் காட்டும் பாலிவேகல் கோட்பாட்டை வைத்து விளக்குவார்கள். அதன் உடலியல் அடிப்படையை மறுக்கும் அறிஞர்கள் பலர் இருக்கிறார்கள். கோட்பாடு தவறானாலும் பயிற்சி பயன் தரலாம். இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

வீட்டில் நானே செய்து பார்க்கலாமா?

நிதானப்படுத்தும் பகுதியைச் செய்யலாம். கிளறும் பகுதியைத் தனியாகச் செய்யாதீர்கள். நான் எல்லோருக்கும் கற்றுத் தருவது ஒன்றுதான்: உட்கார்ந்த இடத்திலிருந்து தலையை மிக மெதுவாகத் திருப்பி அறையைச் சுற்றிப் பாருங்கள். கண் எங்கே நிற்க விரும்புகிறதோ அங்கே நிற்கட்டும், சன்னல் கம்பியாக இருந்தாலும் சரி. கழுத்தும் சேர்ந்து திரும்ப வேண்டும். இரண்டு நிமிடத்தில் பலருக்குத் தானாக ஒரு பெருமூச்சு வரும். பயந்திருக்கும் உடம்பு ஒரே புள்ளியை வெறித்துப் பார்க்கிறது. சுற்றிப் பார்த்து இங்கே ஆபத்து இல்லை என்று அது தானே கண்டுகொள்ள வேண்டும். நீங்கள் ஆயிரம் முறை சொன்னாலும் நம்பாது.

மாத்திரை சாப்பிடுகிறேன். இதை ஆரம்பித்தால் நிறுத்திவிடலாமா?

கூடாது. மருந்தைக் குறைப்பதும் நிறுத்துவதும் எழுதிக் கொடுத்த மருத்துவரோடு பேசி முடிவு செய்ய வேண்டியவை. நிறுத்தச் சொல்லும் சிகிச்சையாளரிடம் மறுபடி போகாதீர்கள். அதேபோல நெஞ்சு வலி, மயக்கம், எடை குறைதல் ஆகியவற்றை ட்ராமா என்று ஒதுக்கிவிடாமல் முதலில் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

இடுப்பில் கை வைத்துப் பார்த்துவிட்டு, சின்ன வயதில் உங்களுக்கு ஏதோ நடந்திருக்கிறது என்றார் ஒருவர். எனக்கு எதுவும் நினைவில்லை. உண்மையாக இருக்குமா?

இடுப்பைத் தொட்டு யாராலும் அதைச் சொல்ல முடியாது. என்னாலும் முடியாது. இறுகிய இடுப்புக்கு நாள் முழுவதும் நாற்காலியில் உட்கார்ந்திருப்பதும் காரணமாக இருக்கலாம். முதல் பதிலில் சொன்னபடி தசையில் கதை எழுதப்பட்டிருக்கவில்லை.

இது ஆபத்தான விளையாட்டு. 1995-இல் உளவியலாளர் எலிசபெத் லாஃப்டஸ் வெளியிட்ட பரிசோதனையில், குழந்தைப் பருவத்தில் கடை வளாகத்தில் தொலைந்துபோனதாக நடக்காத ஒன்றைச் சொன்னபோது, ஏறக்குறைய நான்கில் ஒருவர் அது தனக்கு நடந்ததாகப் பகுதியளவிலோ முழுதாகவோ நினைவுகூர்ந்தார். நம்பிக்கைக்குரிய ஒருவர் திரும்பத் திரும்பச் சொன்னால் நினைவு அதற்கேற்ப உருவாகிவிடலாம். உண்மையில் நடந்தவை பல ஆண்டுகள் கழித்து நினைவுக்கு வருவதும் உண்டு, அதனால்தான் இந்த இடத்தில் யாரும் உங்களுக்குக் கதை எடுத்துக் கொடுக்கக் கூடாது. காரணம் தெரியாமலே இன்றைய இறுக்கத்தோடு வேலை செய்ய முடியும்.

தொட்டுச் செய்வார்கள் என்கிறார்கள். எப்படி நம்பிப் போவது?

பல முறைகளில் தொடுதலே இல்லை. இருந்தால், எங்கே, எதற்காக, எவ்வளவு நேரம் என்று முன்கூட்டியே சொல்லிக் கேட்க வேண்டும், ஒவ்வொரு முறையும். போன வாரம் நீங்கள் கொடுத்த சம்மதம் இந்த வாரத்துக்குச் செல்லாது. வேண்டாம் என்று சொன்னபோது அவர் முகம் எப்படி மாறுகிறது என்று பாருங்கள். உங்களுக்கு எதிர்ப்பு இருக்கிறது, அதனால்தான் குணமாகவில்லை என்று சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

பல நாடுகளில் உடல்வழிச் சிகிச்சையாளர் என்ற பெயரை யார் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். அதனால் அடிப்படைப் படிப்பு என்ன, மனநலத் துறையில் உரிமம் இருக்கிறதா, எத்தனை மணி நேரப் பயிற்சி, யாருடைய மேற்பார்வையில் வேலை செய்கிறார் என்று கேளுங்கள். நல்லவர்கள் இதைக் கேட்டதற்காகச் சந்தோஷப்படுவார்கள்.

எத்தனை நாள் ஆகும்? முழுவதும் சரியாகிவிடுமா?

ஒற்றை விபத்து என்றால் சில மாதங்களில் நல்ல மாற்றம் தெரியலாம். குழந்தைப் பருவம் முழுவதும் பயத்தில் கழிந்தவருக்கு ஆண்டுகள் ஆகும், நடுவில் பின்னடைவும் வரும். திடுக்கிடுவது அடியோடு நின்றுவிடும் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன். திடுக்கிட்ட பிறகு அடங்க எடுக்கும் நேரம் குறையும். முன்பு ஒரு நாள் முழுவதும் போனது, பிறகு அரை மணி, பிறகு இரண்டு மூச்சு. நான் அதைத்தான் அளக்கிறேன். அந்தப் பெண்ணுக்கு இப்போதும் ஹாரன் கேட்டால் பாதம் லேசாக விறைக்கிறது. அவரே அதைக் கவனித்துவிட்டுக் காலை நீட்டிக்கொள்கிறார்.

எனக்கு இன்னும் எதுவும் முடியவில்லை. அடிக்கிறவரோடு அதே வீட்டில்தான் இருக்கிறேன். இந்தப் பயிற்சிகள் செய்தால் பயம் குறையுமா?

மேலே எழுதியதெல்லாம் ஆபத்து முடிந்த பிறகும் அடங்காத உடம்புக்கு. உங்கள் பயம் பொய்யான எச்சரிக்கை அல்ல, அதை அமர்த்துவது சிகிச்சையும் அல்ல. எந்தக் காலடிச் சத்தத்துக்கு உங்கள் தோள் உயர்கிறது, எந்த நேரத்தில் வயிறு இறுகுகிறது என்று கவனியுங்கள். அது சரியாகத்தான் சொல்கிறது, அதை நம்பி முடிவெடுங்கள்.

உங்களை நம்பும் ஒரே ஒருவரிடமாவது இன்றே சொல்லுங்கள். குடும்ப வன்முறைக்கான உதவி எண்ணை, உங்களை நம்பும் அந்த ஒருவரின் பெயரில் மறைத்துச் சேமித்துக்கொள்ளுங்கள். அடையாள ஆவணங்கள், மருந்து, கொஞ்சம் பணம், மாற்றுச் சாவி ஆகியவை ஒரே பையில், எடுக்க எளிதான இடத்தில் இருக்கட்டும். கிளம்பும் நாளைப் பற்றி வீட்டில் வாய் திறக்காதீர்கள். கிளம்பும் நேரத்தில்தான் ஆபத்து அதிகம், அதனால் தனியாகத் திட்டமிடாமல் இந்தத் துறையில் வேலை செய்பவர்களோடு சேர்ந்து திட்டமிடுங்கள். பாதுகாப்பான ஓர் அறையில், கதவை உள்ளே பூட்டிக்கொண்டு, சில இரவுகள் தூங்கிய பிறகு வாருங்கள். உடம்பைப் பற்றி அப்போது பேசலாம்.